வடமும் முட்டுக்கட்டையும்: தரைவழி போன படகுகளின் கதை

அணைக்கட்டு என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் படகைப் பார்த்து வளர்ந்தவர்கள் அபூர்வம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் வழியாக வரும் உத்திரகாவேரியும் சரி, அது போய்ச் சேரும் பாலாறும் சரி, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான். ஆற்றை நடந்தே கடக்கும் ஊரில் படகு எதுக்கு?

தண்ணீர் வரும்போதுதான் இந்தக் கேள்வி திருப்பிக்கொண்டு அடிக்கிறது. 1903 நவம்பரில் மைசூர் சீமைப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. அதன் நினைவுக் கல் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. 118 வருஷம் கழித்து, 2021 நவம்பரில், அதே பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனது. தரைப்பாலங்கள் முழுகின. கரையோர ஊர்கள் துண்டாகின.

அதற்குப் பிறகு ஊர் இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "அண்ணா, நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு சின்ன போட் வாங்கி வச்சுக்கலாம்னு பாக்குறோம். எந்த வண்டியில கட்டி இழுக்கிறது? என்ன வண்டி தாங்கும்?"

கேட்டவர்கள் மனதில் இருந்தது இழுவைத் திறன். எத்தனை குதிரைசக்தி, எத்தனை சிசி என்பதுதான். ஆனால் படகைத் தரைவழியாகக் கொண்டுபோன பழைய சம்பவங்களைத் தேடிப் படித்தபோது எல்லாவற்றிலும் ஒரே விஷயம் தலைகாட்டியது. இழுக்க முடியாமல் கெட்டது குறைவு. நிறுத்த முடியாமல், திருப்ப முடியாமல், பாதை போதாமல் கெட்டதுதான் அதிகம். அந்தச் சம்பவங்களில் சிலதைப் பார்த்துவிட்டு கடைசியில் வண்டிக்கு வருகிறேன்.

முன்பாரம், பின்பாரம்

முதலில் நமக்குத் தெரிந்த மாட்டு வண்டி. நெல் மூட்டையோ கரும்போ ஏற்றும்போது பெரியவர்கள் "முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏத்துடா" என்பார்கள். ரெண்டு சக்கரத்துக்கு முன்னால் எடை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். நல்ல பாரம் என்பது லேசான முன்பாரம். மாடு எடையை உணர வேண்டும், ஆனால் சுமக்கக் கூடாது.

இன்றைக்குக் காருக்குப் பின்னால் கட்டும் ட்ரெய்லருக்கும் விதி இதுவேதான். ட்ரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். ஐரோப்பாவில் வேகக் கட்டுப்பாடும் ட்ரெய்லர் அமைப்பும் வேறு; அங்கே பொதுவாக 4 முதல் 7 சதவீதம். பின்பாரம் ஆகிவிட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ட்ரெய்லர் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் தானாகவே பெருகும். கடைசியில் இழுக்கிற காரையே திருப்பிப் போட்டுவிடும். படகில் இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி. ஏன்னா மோட்டார், பெட்ரோல் டேங்க் எல்லாமே படகின் பின்முனையில்தான் இருக்கும்.

ரெண்டாவது பாடம் தேரில் இருக்கிறது. வடம் பிடித்து இழுக்க ஊரே வரும். ஆனால் தேர் எங்கே திரும்பணும், எங்கே நிக்கணும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சில ஆட்கள். திருவாரூர் ஆழித்தேரை நவீனப்படுத்தியபோதுகூட திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்தது இஞ்சினை அல்ல. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்தான். இழுக்கிற வேலை இன்றும் மனிதர்களிடமே இருக்கிறது.

வராத பாண்டூன், வந்த பரிசல்

இப்போது 1799-க்குப் போவோம். திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போருக்கு ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கும்பினிப் படை பிப்ரவரி மாதம் கிளம்பியது வேலூரிலிருந்து. அதற்கு முந்தைய மாதங்களில் வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரத்தில் படையையும் மாட்டு வண்டிகளையும் தானியத்தையும் திரட்டி ஒழுங்குபடுத்தியவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு என்று பெயரெடுத்தவர் இவர்தான். சண்டையைவிட மாடும் சக்கரமும்தான் படையை நகர்த்துகின்றன என்பதை அவர் கையாலேயே செய்து பார்த்த இடங்களில் ஒன்று நம்ம வட்டாரம்.

நாலு வருஷம் கழித்து, 1803-ல் மராட்டியர்களுடன் போர். மழைக்காலத்தில் தக்காண ஆறுகளைத் தாண்ட வேண்டும். வெல்லெஸ்லி பம்பாயிலிருந்து பாண்டூன் படகுகளைக் கேட்டார். பாண்டூன் என்பது வரிசையாக மிதக்கவிட்டு மேலே பலகை போட்டுப் பாலமாக்கும் தட்டைப் படகு. சாமான் தரமானதுதான். ஆனால் அதைச் சுமந்த வண்டிகள் மழைச் சேற்றைத் தாங்கவில்லை. படகுகள் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அவர் படை ஆறுகளைக் கடந்தது கூடைப் படகில், அதாவது நம்ம பரிசலில். மூங்கிலைப் பின்னி, மேலே தோல் போர்த்திய வட்டப் படகு. எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்புகள் அவருடைய கடிதத் தொகுப்பிலேயே இருக்கின்றன. மூங்கிலும் தோலும் கிடைக்கிற இடத்தில் பரிசலை ஆற்றங்கரையிலேயே செய்துகொள்ளலாம். தூக்கிப் போக வேண்டிய எடை மிகக் குறைவு.

ஒகேனக்கல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பரிசல் நீரோட்டத்தோடு கீழே போகும். திரும்பி வரும்போது ஒற்றை ஆள் அதைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி வருவார். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியப் பரிசல்கள் பற்றி 1930-களில் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலிலேயே வாழும் நம் பகுதியில் தோல் போர்த்திய படகு பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வெல்லெஸ்லி கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: படகு, வண்டி, பாதை மூன்றையும் ஒரே கேள்வியாகப் பார்க்கணும். நல்ல படகை வாங்கிவிட்டு அப்புறம் வண்டி தேடுவது பாண்டூன் கதை.

18 குதிரை, ஒரு மலை இறக்கம்

படகைத் தரையில் இழுத்த சம்பவங்களில் உலகப் புகழ் பெற்றது இங்கிலாந்தில் நடந்தது. 1899 ஜனவரி 12 இரவு. டெவன் கடற்கரையில் லின்மத் என்ற சிற்றூர். கொஞ்ச தூரத்தில் போர்லாக் விரிகுடாவில் 'ஃபாரஸ்ட் ஹால்' என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. லின்மத்தில் 'லூயிசா' என்ற உயிர்காப்புப் படகு இருந்தது. ஆனால் அலையின் வேகத்தில் அதைக் கடலில் இறக்கவே முடியவில்லை. படகின் தலைவர் ஜாக் குரோகோம், தரைவழியாகப் போர்லாக் கொண்டுபோய் அங்கே இறக்கலாம் என்றார்.

தூரம் சுமார் 13 மைல். நடுவில் 1,400 அடி உயர மேடு. படகும் வண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 10 டன். 18 குதிரைகள், 100 பேர் கிளம்பினார்கள்.

மேட்டில் ஏறும்போதே ஒரு சக்கரம் கழன்றது. 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்! அதை மாட்டிக்கொண்டு போனால், ஓர் இடத்தில் வண்டியின் அகலத்துக்குப் பாதை போதவில்லை. படகை இறக்கிக் கட்டைகள் மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி வேறு வழியாகச் சுற்றி வந்தது. முன்கூட்டியே ஒரு சிறு குழு கடப்பாறையும் மண்வெட்டியுமாகப் போய் வழியை அகலப்படுத்தியது.

இதையெல்லாம்விடப் பயங்கரமானது கடைசியில் வந்தது. போர்லாக் இறக்கம் நாலுக்கு ஒன்று என்ற சரிவு. அதாவது நாலு அடி போனால் ஓரடி இறங்கும். 10 டன் படகு முன்னால் போகும் குதிரைகளை நசுக்கிவிடாமல் இருக்க, ஆட்களும் குதிரைகளும் பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். கீழே ஒரு தோட்டச் சுவரை இடித்துத்தான் திருப்ப முடிந்தது. விடியற்காலை ஆறரை மணி வாக்கில் படகு கடலில் இறங்கியது. கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். நாலு குதிரைகள் களைப்பில் செத்துப் போயின.

இந்தப் பயணத்தை நான் ஒரு பரிசோதனைப் பட்டியலாகவே படிக்கிறேன். சக்கரம், அகலம், இறக்கம், திருப்பம் என்று நாலு இடத்தில் சிக்கல். குதிரை போதாமல் நின்றதாக ஓர் இடமும் இல்லை.

டிராக்டர், லாரி, நம் மீனவர்கள்

இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கம் 1920-ல் குதிரைக்குப் பதிலாக டிராக்டரைச் சோதித்துப் பார்த்தது. மணலில் இழுக்க அதுவே சரி என்று ஆனது. அந்தக் காட்சியைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. முன்பு கட்டுமரத்தின் கட்டைகளைப் பிரித்துத் தோளில் தூக்கிக் கரையேற்றினார்கள். ஃபைபர் படகை அப்படிப் பிரிக்க முடியாது. இன்று சென்னைக் கடற்கரைக் குப்பங்களில் டிராக்டர்தான் படகை மணலில் இழுத்துக் கரையேற்றுகிறது. வேகம் வேண்டாம், பிடிமானம் வேணும் என்கிற இடத்தில் டிராக்டருக்கு நிகரில்லை.

ஆனால் ஊர் விட்டு ஊர் போகும்போது நம் மீனவர்கள் படகை இழுக்கவில்லை, ஏற்றினார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகுகள் வண்டியேறி நகரத்துக்குள் வந்தன. 2018 ஆகஸ்டில் கேரளாவில் இது ஒரு படையெடுப்பாகவே நடந்தது. கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரைகளிலிருந்து லாரி லாரியாகப் படகுகள் செங்கன்னூர், ஆரன்முளைப் பக்கம் போயின. கேரள அரசின் கணக்குப்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேர். அரபிக் கடலில் ஓடுகிற படகு சமவெளி ஊரின் தெருவில் ஓடியது என்றால், நடுவில் ஒரு லாரி இருந்தது என்று அர்த்தம்.

லாரி ஏன் ஜெயித்தது? பாரம் முழுக்க லாரியின் சொந்தச் சக்கரங்கள் மேல் இருக்கிறது. பிரேக் அந்த எடைக்கென்றே செய்தது. பின்னால் ஆட எதுவும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கத் தனித் திறமை வேண்டாம். ராத்திரியில், மழையில், முன்பின் தெரியாத ரோட்டில் போகிற டிரைவருக்கு இது எல்லாமே உயிர் விஷயம். அடியில் பழைய டயரைப் போட்டுப் படகை வைத்து, கயிற்றால் கட்டினால் கிளம்பிவிடலாம்.

சரி, எந்த வண்டி?

இப்போது இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். 12 அடி ஃபைபர் படகு என்று வைத்துக்கொள்வோம். படகு 150 கிலோ, மோட்டார் 50, பெட்ரோல், துடுப்பு, கயிறு, உயிர்காப்பு உடைகள் ஒரு 50, ட்ரெய்லர் 200. மொத்தம் 450 கிலோ.

ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் உச்சவரம்பு. அதிலும் இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியும் பிரிட்டன் போன்ற நாடுகளில் உண்டு. இதை நம் வண்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள். 900 கிலோ சின்னக் கார் என்றால் பாதி 450. கணக்கு விளிம்பிலேயே நிற்கிறது. கூடவே 50 கிலோ முன்பாரம் காரின் பின்முனையை அழுத்தும். முன்சக்கர இழுவைக் காரில், அழுத்தம் தேவைப்படுகிற முன்சக்கரம் லேசாகிவிடும். ஈரக் கரைச் சரிவில் படகை மேலே இழுக்கும்போது சக்கரம் சும்மா சுற்றும். போதாததற்கு, நம்மூரில் விற்கும் பல கார்களின் கையேட்டில் ட்ரெய்லர் இழுக்க வேண்டாம் என்று ஒற்றை வரி இருக்கும். கொக்கி மாட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படிச்சிடுங்க.

1,600 கிலோ எடையுள்ள பின்சக்கர இழுவை ஜீப் வகை வண்டி என்றால் 450 கிலோ வசதியான பாரம். நாலு சக்கர இழுவை இருந்தால் கரையில் இன்னும் நல்லது. அப்போதும் வேகம் முக்கியம். 40-ல் போகும் வண்டி 60-ல் போனால், பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அது முழுவதும் முன்னால் போகும் வண்டியின் தலையில்தான் விடியும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லர் என்பது தனி வாகனம். அதற்குப் பதிவு வேணும். பட்டறையில் ரெண்டு சக்கரம் வெல்டிங் வைத்து ரோட்டில் விடுவது செல்லாது. இன்னொரு சின்ன விஷயம், சக்கர பேரிங். ஓடி வந்த சூட்டோடு ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்கினால், பேரிங் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் கெட்டு, அடுத்த பயணத்தில் லின்மத் சக்கரம் மாதிரி கழன்று நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்கணும்.

ஏற்றிப் போவதானால்? குட்டி யானையின் பின்தட்டு ஏறக்குறைய 7 அடி. 12 அடிப் படகு 5 அடி வெளியே நீட்டும். வெளியே நீளும் பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம்; ராத்திரியில் பின்னால் வரும் பைக்காரருக்கு உயிர். 14 அடி வண்டி என்று லாரிக்காரர்கள் சொல்கிற ஈச்சர் ரகம்தான் அந்தப் படகுக்குச் சரி. அது எல்லார் வீட்டிலும் நிற்காது, ஆனால் வாடகைக்குக் கிடைக்கும். வெள்ள ராத்திரியில் எந்த வண்டி, எந்த டிரைவர் வருவார் என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைத்தான் நான் அவர்களிடம் சொன்னேன். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. அவர்கள் வெள்ளத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் காற்றடைக்கும் ரப்பர் படகு. காற்றை இறக்கிச் சுருட்டி வண்டியில் போட்டுவிடலாம். இடத்துக்குப் போய்க் காற்றடித்து ஆறு பேர் தூக்கிக் கரையில் இறக்கலாம். மணல் அள்ளி அள்ளிச் செங்குத்தாகிப் போன பாலாற்றுக் கரையில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி இறக்கச் சரிவு கிடைக்காது. இதற்குச் சரிவே வேண்டாம். குட்டி யானை போதும். இல்லாவிட்டால் ஊரில் எப்படியும் நிற்கிற டிராக்டரும் டிப்பரும் போதும். முழங்கால் தண்ணீர் ஓடும் ரோட்டில் கடைசி ரெண்டு கிலோமீட்டர் போக டிராக்டர்தான் லாயக்கு. சீமைக்கருவேல முள் ரப்பரைக் கிழிக்கும் என்பது நிஜம். அதனால்தான் இந்தப் படகுகளில் காற்றறைகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று போனாலும் மிதக்கும். முள்ளடர்ந்த ஓடைக்குள் போவதானால் மட்டும் ஃபைபர் படகு பற்றி யோசிக்கலாம்.

அரக்கோணத்திலிருந்து எங்கள் ஊருக்கு ரோட்டில் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. தரைப்பாலங்கள் முழுகிய ராத்திரியில் அந்தத் தூரம் எவ்வளவு நேரமாகும் என்பதை 2021-ஐப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊருக்குள் ஒரு படகு இருப்பது நல்லது. ஓட்டத் தெரிந்த நாலு பேர், போட்டுக்கொள்ள உயிர்காப்பு உடை, தீயணைப்பு நிலையத்தோடு முன்கூட்டியே பேச்சு, இதெல்லாம் இருந்தால்தான் நல்லது. இல்லாவிட்டால் காப்பாற்றப் போனவர்களைக் காப்பாற்ற இன்னொரு படகு வேண்டியிருக்கும்.

இளைஞர்கள் இப்போது படகு விலையை ஒரு பக்கம் விசாரிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஊரிலிருந்து ஆறு வரை எந்தப் பாதையில் எத்தனை தரைப்பாலம், எங்கே அகலம் குறைவு, எங்கே வண்டியைத் திருப்பலாம் என்று பைக்கில் போய்க் குறித்துக்கொண்டு வருகிறார்கள். முதல் ரவுண்டிலேயே, குறுக்குவழி என்று நம்பியிருந்த ஒரு பாதையை அடித்துவிட்டார்கள். அதில் வண்டி போகும், திரும்ப இடமில்லை.

அடுத்த குறிப்பில் 1903 வெள்ளத்தில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி உடைந்தன என்பதை எழுதுகிறேன்.